பார்டெண்டர் வேலை கற்க: எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ்

திருச்சியில் பி.காம். முடித்த 22 வயதுத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். காக்டெயில் செய்யும் பார்டெண்டர் வேலைக்குப் போக ஆசையாம். மூன்று மாதப் படிப்புக்கு ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள், சேரலாமா? குடிப்பழக்கம் இல்லை, அது ஒரு குறையா? வீட்டிலிருந்தே ஏதாவது கற்க முடியுமா? உடன் படித்த தோழிக்கும் இதே ஆசை, பெண்களை எடுப்பார்களா? கடைசியாக, வீட்டில் இதை எப்படிச் சொல்வது?

சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டல் பாரில் கிளாஸ் கழுவத் தொடங்கி, ஐந்து ஆண்டுகள் கப்பலில் இருந்து, இப்போது பெங்களூரில் ஒரு பாரைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 17 ஆண்டுகள். ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இப்போதைக்குப் பணம் கட்ட வேண்டாம். 200 ரூபாய்க்கு எலுமிச்சையும் சர்க்கரையும் வாங்குங்கள். கேலி செய்யவில்லை. இந்த வேலையில் பாதி எலுமிச்சை சர்பத்தில் இருக்கிறது.

காக்டெயில்களில் பெரிய குடும்பம் ஒன்று உண்டு, ‘சவர்’ என்போம். ஒரு மது, ஒரு புளிப்பு, ஒரு இனிப்பு, அவ்வளவுதான். ரம், எலுமிச்சை, சர்க்கரை சேர்ந்தால் டைக்கிரி. டெக்கிலாவும் ஆரஞ்சு லிக்கரும் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) எலுமிச்சையும் சேர்ந்தால் மார்கரிட்டா. விஸ்கி என்றால் விஸ்கி சவர். மதுவை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், நம் வீட்டு சர்பத்தே நிற்கும். புளிப்புக்கும் இனிப்புக்கும் நடுவில் சரியான புள்ளியை நாக்கு கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மது தேவையே இல்லை.

சர்க்கரையையும் தண்ணீரையும் எடைக்கு எடை கலந்து பாகு செய்யுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம், கரைந்தால் போதும். ஒரு கிலோ சர்க்கரையும் ஒரு லிட்டர் தண்ணீரும் சேர்ந்தால் சுமார் 1.6 லிட்டர் வரும். உங்களுக்குக் கால் கிலோ போதும், ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து டம்ளர் எடுத்து ஒவ்வொன்றிலும் 30 மில்லி எலுமிச்சைச் சாறு, 60 மில்லி தண்ணீர் ஊற்றுங்கள். பாகை மட்டும் 15, 20, 25, 30, 35 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். ஐஸ் போட்டுக் குலுக்கி வடித்து, வரிசை மாற்றிக் குடித்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். 5 மில்லி என்பது ஒரு டீஸ்பூன்தான். அந்த ஒரு ஸ்பூன் ஒரு கிளாஸை எப்படிப் புரட்டிப் போடுகிறது என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். மறுநாள் அதே கணக்கில் ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துப் பாருங்கள். கசப்பு அடங்கி எலுமிச்சையின் மணம் முன்னால் வரும். நம் பாட்டிகள் சர்பத்தில் உப்பு போட்டது சும்மா இல்லை.

ஒரு வாரம் கழித்து வேறு கடையில் எலுமிச்சை வாங்கி அதே அளவில் செய்யுங்கள், சுவை மாறியிருக்கும். புளியங்குடியிலிருந்து வரும் நல்ல பழத்துக்கும், கோடையில் விலை ஏறிக் கிடக்கும்போது கிடைக்கிற காய்ந்த பழத்துக்கும் சாறு வேறு, புளிப்பு வேறு. செய்முறையை மனப்பாடம் செய்தவன் இங்கேதான் மாட்டிக்கொள்வான். வெளிநாட்டுச் செய்முறையில் இருக்கும் எலுமிச்சைக் கணக்கு நம்மூர்ப் பழத்துக்கு அப்படியே பொருந்தாது. டைக்கிரிக்கு நான் 60 மில்லி ரம், 25 மில்லி சாறு, 20 மில்லி பாகு என்று தொடங்குவேன். ஆனால் ஷிப்ட் தொடங்கும் முன் அன்றைய சாற்றை ஒரு சொட்டு நாக்கில் வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சாறு பிழிந்த கையோடு வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் வரும், கறுத்துப்போய் ஆறப் பல வாரம் ஆகும். கப்பலில் நீச்சல்குளத்துப் பாரில் வேலை பார்த்தபோது என் இரண்டு கையும் அப்படி ஆனது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போயிருந்தால் வந்திருக்காது.

அடுத்தது ஐஸ். பானத்தைக் குளிர வைக்கத்தான் ஐஸ் என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். அது உருகித் தரும் தண்ணீரும் செய்முறையில் ஒரு பொருள். ஷேக்கர் என்ற குலுக்கும் குவளையில் 100 மில்லி ஊற்றிப் பத்துப் பன்னிரண்டு விநாடி வேகமாகக் குலுக்கி வடித்தால் 125 முதல் 135 மில்லி வரை வரும். கூடுதலாக வந்த அந்தத் தண்ணீர்தான் மதுவின் எரிச்சலை அடக்கி மணத்தைத் திறக்கிறது. நன்றாகக் குலுக்கிய டைக்கிரி பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி வரை போகும். பூஜ்யம் டிகிரி ஐஸ் எப்படி அதற்கும் கீழே குளிர வைக்கும் என்று கேட்கலாம். ஆல்கஹால் கலந்த தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது. அதனால் ஐஸ் தொடர்ந்து உருகும், உருகுவதற்கான வெப்பத்தைப் பானத்திலிருந்தே உறிஞ்சும். குச்சி ஐஸ்காரர் ஐஸில் உப்பு போட்டதும் இதே கணக்குதான்.

அதனால் ஈர ஐஸ் ஆபத்து. வெளியே கிடந்து பளபளவென்று நனைந்திருக்கும் ஐஸைப் போட்டால், குலுக்கும் முன்பே தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று பொருள். ஃபிரீசரிலிருந்து எடுத்த காய்ந்த கட்டியில் ஒரு கிளாஸும், பத்து நிமிடம் வெளியே கிடந்ததில் ஒரு கிளாஸும் செய்து அளந்து பாருங்கள். அப்புறம், மீன் வைத்த ஃபிரீசரில் ஐஸ் வைக்காதீர்கள். மணத்தை ஐஸ் அப்படியே இழுத்துக்கொள்ளும்.

எப்போது குலுக்குவது, எப்போது கலக்குவது? சாறு, முட்டை, பால் மாதிரி ஏதாவது இருந்தால் குலுக்குங்கள். முழுக்க மதுவாகவே இருந்தால் மிக்சிங் கிளாஸில் ஸ்பூனால் இருபது முப்பது விநாடி கலக்குங்கள். மார்ட்டினி, மன்ஹாட்டன், நெக்ரோனி எல்லாம் கலக்குகிற வகை. இதற்கு மேல் இதில் பெரிய ரகசியம் கிடையாது.

மூன்றாவது அளவு. நம் பார்களில் ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60 மில்லி. 750 மில்லி பாட்டிலில் 25 ஸ்மால் வர வேண்டும். கை கொஞ்சம் தாராளமாகி ஒவ்வொன்றிலும் 5 மில்லி கூடினால் 21 தான் வரும். ராத்திரி கிளோசிங் ஸ்டாக் எடுக்கும்போது நான்கு பெக் காணாமல் போயிருக்கும், அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியது நீங்கள். ஜிக்கர் என்ற அளவுக் குவளை இல்லாமல் ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்று எண்ணி ஊற்றும் முறை ஒன்று உண்டு. பாட்டில் வாயில் போரர் என்ற ஊற்றும் மூக்கை மாட்டி, நாலு எண்ணிக்கைக்கு 60 மில்லி என்று கை பழக வேண்டும். காலி பாட்டிலில் தண்ணீர் ஊற்றித் தினம் ஐம்பது முறை பழகுங்கள், ஆனால் வேலையில் ஜிக்கரால் அளந்தே ஊற்றுங்கள். எண்ணி ஊற்றுவது கெத்து. ஆனால் காக்டெயிலில் 5 மில்லி எலுமிச்சை தவறினால் என்ன ஆகும் என்பதை உங்கள் சர்பத் ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

பாட்டிலைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் ஃப்ளேர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்காததே நல்லது. கல்யாண வரவேற்புகளிலும் போட்டிகளிலும் அதற்கு மவுசு உண்டு. வெள்ளிக்கிழமை ராத்திரி முப்பது ஆர்டர் நிற்கும்போது யாரும் பாட்டிலைச் சுழற்றுவதில்லை.

சரி, இப்போது மது. இதைப் படிக்க வேண்டும், குடிக்க வேண்டியதில்லை. ரம் கரும்பிலிருந்து வருகிறது, விஸ்கி தானியத்திலிருந்து, டெக்கிலா நீலக் கற்றாழை வகையிலிருந்து. ஜின் என்பது ஜூனிபர் காயின் மணம் ஏற்றிய மது. நம் நாட்டில் விலை குறைந்த விஸ்கிகள் பலவற்றில் கரும்புச் சக்கைப்பாகிலிருந்து வடித்த ஆல்கஹால்தான் பெரும்பகுதி. ஸ்காட்ச் பழகிய வெளிநாட்டு விருந்தாளி ‘இது விஸ்கியா?’ என்று கேட்டால் காரணம் இதுதான், முகம் சுளிக்காமல் விளக்கத் தெரிய வேண்டும். நம் பாட்டில்களில் 42.8 சதவீதம் என்ற விசித்திரமான எண் இருக்கும், கவனித்திருக்கலாம். பழைய பிரிட்டிஷ் கணக்கில் 75 டிகிரி புரூஃப் என்பதுதான் அது. வெள்ளைக்காரன் போனாலும் எண் போகவில்லை.

வெர்மூத் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் சேர்ந்த முதல் பாரிலேயே இந்தத் தவறு நடந்தது. வெர்மூத் மூலிகை போட்ட ஒயின். திறந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எங்கள் அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு வருடமாகத் திறந்த பாட்டில் நின்றது. அதில் நெக்ரோனி செய்து கொடுத்தோம். ஜின், கேம்பாரி என்ற கசப்பு மது, சிவப்பு வெர்மூத் மூன்றும் 30 மில்லி வீதம், அளவில் தவறே இல்லை. குடித்தவர் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். அவருக்குச் சுவை தெரியவில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். தெரியாதது எங்களுக்குத்தான்.

பிட்டர்ஸ் என்ற சின்னப் பாட்டிலையும் தெரிந்துகொள்ளுங்கள். அங்கோஸ்டுரா என்பதுதான் எல்லா பாரிலும் இருக்கும். வெனிசுலாவில் அந்தப் பெயர் கொண்ட ஊரில் சீகர்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1824-ல் வயிற்றுக்காகத் தயாரித்த கஷாயம் அது. இரண்டு சொட்டு போதும், சமையலில் பெருங்காயம் மாதிரி. 1806-ல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊர்ப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் என்ன என்று விளக்கியபோது, மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்றுதான் எழுதியது. இன்றைக்கு ஓல்ட் ஃபேஷன்ட் என்று நாம் கொடுப்பது ஏறக்குறைய அதுவே.

குடிக்காதவர் பார்டெண்டர் ஆகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். தாராளமாக. ஸ்ட்ராவைப் பானத்தில் நுழைத்து மேல் நுனியை விரலால் அடைத்து எடுத்தால் நாலைந்து சொட்டு வரும். அதை நாக்கில் வைத்துப் பார்ப்போம், வேண்டாமென்றால் துப்பிவிடலாம். ஒரு கிளாஸ் கூட அப்படிப் பார்க்காமல் போகக்கூடாது. ஒரு சொட்டும் நாக்கில் படக்கூடாது என்ற விரதம் இருந்தால் மட்டும் இந்த வேலை கஷ்டம். உண்மையில் எனக்குப் பயம் குடிக்கிறவர்களைப் பற்றித்தான். கையெட்டும் தூரத்தில் பாட்டில், ராத்திரி வேலை, ‘எனக்காக ஒண்ணு போடு’ என்று அழைக்கும் வாடிக்கையாளர்கள். என்னோடு தொடங்கியவர்களில் திறமையான இரண்டு பேரை நான் இப்படித்தான் இழந்தேன். குடிக்காதது உங்களுக்குக் குறையே இல்லை, தம்பி. இன்டர்வியூவில் தைரியமாகச் சொல்லுங்கள்.

ஒருவருக்கு எப்போது நிறுத்துவது என்பதும் வேலைதான். 42.8 சதவீத மதுவில் 30 மில்லி பெக் ஒன்றில் சுமார் 10 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. உடம்பு அதைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். எலுமிச்சை, மோர், குளியல் எதுவும் அதை வேகப்படுத்தாது. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிப்பது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். பலருக்கு இரண்டு பெக்கே அதைத் தாண்டிவிடும். பேச்சு உயரும்போதே தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டு மெனுவை நீட்டுங்கள், ஆர்டரைத் தாமதப்படுத்துங்கள். ‘உங்களுக்குப் போதும் சார்’ என்று நாலு பேர் முன்னால் சொன்னால் சண்டைதான். கூட வந்த நண்பரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

படிப்புக்கு வருகிறேன். லட்ச ரூபாய்ப் பயிற்சியில் சிலது நல்லது, சிலது போட்டோவுக்கும் சான்றிதழுக்கும்தான். சேரும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு மாணவரும் நிஜ மதுவில், நிஜ ஐஸில் எத்தனை கிளாஸ் செய்வார்? பயிற்சி தருகிறவர் கடைசியாக பாரில் நின்றது எப்போது? போன வருடம் முடித்தவர்களில் இரண்டு பேரின் நம்பர் தருவார்களா? மழுப்பினால் வந்துவிடுங்கள். தரமணியில் அரசு ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது, அங்கே உணவு, பானச் சேவைப் பாடங்கள் உண்டு. பிற்பாடு உலக அளவில் மதிப்புள்ள சான்று வேண்டுமென்றால் மது பற்றிக் கற்பிக்க லண்டனில் 1969-ல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.இ.டி. அமைப்பின் ஸ்பிரிட்ஸ் படிப்பு, முதல் நிலை ஒரே நாள்தான். உலக பார்டெண்டர்கள் சங்கமான ஐ.பி.ஏ. தன் அதிகாரபூர்வ காக்டெயில் பட்டியலை இலவசமாகவே வைத்திருக்கிறது. அதில் முப்பதைக் கைப்பழக்கமாக்கிக்கொண்டு வருகிறவரை நான் சான்றிதழ் கேட்காமல் எடுத்துக்கொள்வேன்.

உண்மையான பள்ளிக்கூடம் பார் பேக் வேலை, அதாவது பார்டெண்டருக்கு உதவியாள் வேலை. சம்பளம் குறைவு. ஐஸ் சுமக்க வேண்டும், கிளாஸ் துடைக்க வேண்டும், கார்னிஷ் (கிளாஸை அலங்கரிக்கும் பழத்துண்டு) வெட்ட வேண்டும், ஸ்டோருக்கு இன்டென்ட் (வேண்டிய பொருள் பட்டியல்) போட வேண்டும். ஆறு மாதமோ ஒரு வருடமோ இதைச் செய்தால்தான் எந்தப் பாட்டில் எங்கே, எந்த நேரத்தில் எது தீரும் என்பது காலுக்கே தெரியும். நான் பார் பேக்காக இருந்த இரண்டாவது மாதம், சனிக்கிழமை ராத்திரி, ஸ்கூப் கைக்கு வரவில்லை என்று கண்ணாடி டம்ளராலேயே ஐஸை அள்ளினேன். விளிம்பு உடைந்து ஐஸுக்குள் விழுந்தது. கண்ணாடியும் ஐஸும் ஒரே நிறம், பொறுக்கி எடுக்கவே முடியாது. சீனியர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெந்நீரைக் கொண்டுவந்து முழு ஐஸ் பெட்டியிலும் ஊற்றினார். கூட்டம் காத்திருக்க, அத்தனை ஐஸையும் உருக்கி, துடைத்து, மறுபடி நிரப்ப இருபது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு இன்றுவரை கிளாஸால் ஐஸ் அள்ளியதில்லை. எந்தச் சான்றிதழும் இதைச் சொல்லித் தராது.

திருச்சியில் பெரிய வாய்ப்பு இல்லை. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால் காக்டெயில் பார் என்றால் பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்தான். இங்கே இரண்டு வருடம் அடிப்படை பழகிவிட்டு பெங்களூரு, கோவா, மும்பை, டெல்லி என்று நகர்வது வழக்கம். 2017-க்குப் பிறகு கோவாவிலிருந்து நல்ல இந்திய ஜின்கள் வரத் தொடங்கியதும் இந்த ஊர்களில் நிலைமையே மாறியது. இப்போது மெனுவில் புளி, நெல்லிக்காய், கறிவேப்பிலை, நன்னாரி எல்லாம் ஏறிவிட்டன. இது நமக்கு வசதி. நன்னாரி மணத்தை நான் யாரிடமும் கற்கவில்லை, மதுரையில் சர்பத் கடை வாசலில் வளர்ந்தவன்.

கப்பல் ஆசை பிறகு வரும். அப்போது ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள். கப்பல் வேலை வாங்கித் தர ஆளிடம் பணம் கேட்கக்கூடாது, 2006-ன் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அதைத் தடுக்கிறது. கப்பலுக்கு ஆள் எடுக்க நம் கப்பல் துறை இயக்குநரகம் தரும் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உள்ள ஏஜென்சியா என்று பாருங்கள். எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற கடல் பாதுகாப்புப் பயிற்சிக்கும் மருத்துவச் சோதனைக்கும் செலவாகலாம், அது வேறு. ‘மூன்று லட்சம் கொடு, நேராக பார்டெண்டர்’ என்றால் ஓடிவிடுங்கள்.

உங்கள் தோழிக்கு: எடுப்பார்கள், நான் இரண்டு பேரை எடுத்திருக்கிறேன். மும்பையில் ஷட்பி பாசு பெண் பார்டெண்டராக நின்று, பிறகு பயிற்சிப் பள்ளியும் நடத்தியவர். டெல்லியில் மது அருந்தும் இடங்களில் பெண்களையும் 25 வயதுக்குக் குறைந்த ஆண்களையும் வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்த 1914-ஆம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டப் பிரிவு செல்லாது என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் மது பற்றிய சட்டம் மாநில அரசுகளின் கையில். வயது வரம்பும் விதியும் ஊருக்கு ஊர் மாறும், சேரும் இடத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமாக, ராத்திரி ஒரு மணிக்கு வீட்டுக்கு வண்டி தருவார்களா என்று அவர் முதல் நாளே கேட்கட்டும்.

வீட்டில் சொல்வது. இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. என் அம்மா ஏழெட்டு வருடம் சொந்தக்காரர்களிடம் ‘ஹோட்டல்ல கேஷியர்’ என்றுதான் சொல்லி வந்தார். ஒரு ராமநவமிக்கு ஊருக்குப் போனபோது பானகத்தை நான் செய்கிறேன் என்றேன். வெல்லம், சுக்கு, ஏலம், எலுமிச்சை எல்லாவற்றையும் பையில் இருந்த ஜிக்கரில் அளந்து, ஷேக்கரில் ஐஸ் போட்டுக் குலுக்கி வடித்துக் கொடுத்தேன். அம்மா ஒரு வாய் குடித்தார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் ‘சுக்கு ஒரு பொட்டு தூக்கல்’ என்றார். வாங்கிக் குடித்துப் பார்த்தேன், தூக்கல்தான்.